சித்தம்பூண்டிக் கல்லுக்கு எத்தனை வயது?

கேள்வி சுருக்கமாக இது: "நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டிப் பாறைக்கு ஒரு கட்டுரையில் 293 கோடி ஆண்டு என்கிறார்கள், இன்னொன்றில் 254 கோடி. அதே வட்டாரத்துப் பாறைகளுக்கு 55 கோடி என்றும் வருகிறது. எது சரி? நாலு கல்லின் வயதை வைத்துக்கொண்டு கொங்குச் சமவெளியில் ஒரு காலத்தில் மலைத்தொடர் இருந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்?"

நிலம் வாங்கப் போகிறவர் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பார். ஒரே நிலத்துக்கு அதில் நாலைந்து தேதிகள் இருக்கும்: கிரயம், பாகப்பிரிவினை, அடமானம், அடமான ரத்து. எந்தத் தேதியும் பொய்யில்லை, ஒவ்வொன்றும் வேறு நடவடிக்கையின் தேதி. பாறையும் அப்படித்தான். உருகிய குழம்பு உறைந்தது ஒரு தேதி, அது ஆழத்துக்குப் போய் மறுபடி வெந்தது ஒரு தேதி, ஆறி மேலே வந்தது இன்னொரு தேதி. நீங்கள் சொன்ன மூன்று எண்களில் இரண்டு உண்மையான சம்பவங்களைக் குறிக்கின்றன. 293 மட்டும் சந்தேகத்துக்குரியது. ஏன் என்று பார்க்க, எண் எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் இடம். பாலக்காட்டுக் கணவாயில் தொடங்கி கோவை, காங்கயம், கரூர், நாமக்கல் வழியாகக் கிழக்கே போகும் தாழ்ந்த பட்டை ஒன்று உண்டு. வடக்கே நீலகிரி, சேர்வராயன், கொல்லிமலை. தெற்கே ஆனைமலை, பழனிமலை. 1980-இல் ட்ரூரி, ஹோல்ட் என்ற இருவர் செயற்கைக்கோள் படங்களை வைத்து, தென்னிந்தியாவை அறுத்துப் போகும் பெரிய நறுக்கு மண்டலங்களைக் காட்டினார்கள். அவற்றில் முக்கியமானது இந்தப் பாலக்காடு–காவிரிப் பட்டை. பாறைகள் இங்கே கிழக்கு மேற்காக இழுபட்டு, நசுங்கி, பட்டை பட்டையாகக் கிடக்கின்றன. சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில் கல் குவாரிச் சுவர்களைப் பார்த்தாலே தெரியும்: பழைய வரிப்பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிரானைட் நுழைந்திருக்கும், அந்தக் கிரானைட்டையும் வெட்டிக்கொண்டு பெக்மடைட் என்ற பருமணிப் பாறையின் நரம்புகள் ஓடும். யார் மூத்தவர், யார் இளையவர் என்று சொல்ல அங்கே எந்த இயந்திரமும் தேவையில்லை. எத்தனை கோடி ஆண்டு இடைவெளி என்று கேட்டால்தான் இயந்திரம் வேண்டும்.

கடிகாரம் ஜிர்கான் என்ற கனிமம். பெரும்பாலும் 100 முதல் 300 மைக்ரான் நீளம். இரண்டு மூன்று தலைமுடிகளை ஒட்டி வைத்த அளவு. குழம்பிலிருந்து உறையும்போது யுரேனியத்தைத் தன் கட்டமைப்புக்குள் எடுத்துக்கொள்ளும். ஈய அயனி பெரியது, மின்னூட்டமும் பொருந்தாது, அதனால் அதைக் கிட்டத்தட்ட முழுசாக வெளியே தள்ளிவிடும். எனவே இன்றைக்கு அதற்குள் இருக்கும் ஈயம் பெரும்பாலும் யுரேனியம் சிதைந்து வந்ததுதான். இதில் இரண்டு கடிகாரங்கள் ஒரே பெட்டிக்குள் ஓடுகின்றன. யுரேனியம்-238 ஈயம்-206 ஆகிறது, அரைவாழ்வு 446.8 கோடி ஆண்டு. யுரேனியம்-235 ஈயம்-207 ஆகிறது, அரைவாழ்வு 70.4 கோடி ஆண்டு. இரண்டும் ஒரே நேரம் காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால் ஏதோ நடந்திருக்கிறது, என்ன நடந்தது என்பதைக்கூட அந்த முரண்பாட்டிலிருந்தே எடுக்க முடியும். மற்ற முறைகளைவிட ஜிர்கானை மேலே வைப்பதற்குக் காரணம் இந்த உள்தணிக்கைதான். ஈயம் ஊர்ந்து வெளியேற 900 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும் என்பது அடுத்த காரணம்.

கல் எடுப்பதில்தான் பாதிப் பிழை நடக்கிறது. கிரானைட், சார்னோகைட் என்றால் 3 முதல் 5 கிலோ போதும். நம் ஊரில் கருங்கல் என்று ஜல்லிக்கு உடைப்பது பெரும்பாலும் சார்னோகைட்டும் அதன் இனப் பாறைகளும்தான். கேப்ரோ, அனார்தொசைட் போன்றவற்றில் (சித்தம்பூண்டிப் பாறை அனார்தொசைட்தான்) சிர்கோனியமே குறைவு. 20, 30 கிலோ எடுத்தும் பத்து ஜிர்கான் மணிகள்கூடக் கிடைக்காமல் போகும். அங்கே பாறையின் பொது உடலை விட்டுவிட்டு, பருமணியாக உறைந்த கடைசிக் கட்டத் திட்டுகளைத் தேட வேண்டும். குழம்பு உறைந்துகொண்டே வரும்போது சிர்கோனியம் மிச்சக் குழம்பில் சேர்ந்து அங்கேதான் ஜிர்கானாக உறையும்.

மேல்தோல் கூடாது. காங்கயம் பக்கம் மேட்டுக்காட்டில் சுக்காங்கல் ஏறிய பாறையை எடுத்தால், ஜிர்கான் பிழைத்தாலும் பயோடைட் என்ற கருப்பு மைக்காவும் ஃபெல்ட்ஸ்பாரும் கெட்டிருக்கும். பின்னால் ஆர்கான் முறை, ருபீடியம் முறை என்ற வேறு வயதுக் கணக்குகளுக்கு அது உதவாது. வேலை நடக்கும் குவாரியின் புதுச் சுவர், இல்லையென்றால் தண்ணீர் தேங்காத பாறைக்குழி, சாலை வெட்டு, இவைதான் நல்ல இடம். சிவன்மலை, திருச்செங்கோடு மாதிரி கோயில் மலைகளில் படிக்கட்டு ஓரம் சுத்தியல் எடுக்கவே கூடாது. அதே பாறை அடிவாரத்துப் பட்டா நிலத்தில் கிடைக்கும், உரிமையாளரைக் கேட்டு எடுக்கலாம். நீலகிரிச் சரிவில் வனத்துறை அனுமதி இல்லாமல் கல்லைத் தொட முடியாது.

ஒரே துண்டில் இரண்டு பாறை இருக்கக் கூடாது என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். வரிப்பாறைக்குள் விரல் தடிமனில் இளஞ்சிவப்பு நரம்பு ஓடினால், இரண்டையும் ரம்பத்தால் பிரித்துத் தனித்தனி எண் போட வேண்டும். பிரிக்காமல் அரைத்தால் 250 கோடி ஆண்டு மணியும் 55 கோடி ஆண்டு மணியும் ஒரே கிண்ணத்தில் விழும். அப்புறம் எது யாருடைய மணி என்று கடவுள்தான் சொல்ல வேண்டும்.

உடைப்பது தாடை நொறுக்கியில், பிறகு அரைத்து 250 மைக்ரான் சல்லடையில் சலிப்பது. மாவு மில்லில் முன்னால் போனவர் கேழ்வரகு அரைத்திருந்தால் உங்கள் அரிசி மாவு என்ன நிறத்தில் வரும் என்று தெரியும் அல்லவா? இங்கேயும் அதேதான். நிறத்தில் காட்டிக்கொடுக்காது என்பதுதான் வித்தியாசம். ஒவ்வொரு கல்லுக்கும் நடுவே தாடைத் தட்டைக் கழற்றிக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஜிர்கான் இல்லாத சுத்தமான வெங்கச்சாங்கல்லை ஒரு கை போட்டு அரைத்துக் கொட்டுவது நல்ல பழக்கம். ஒரு மாதிரியில் இருபது மணி 254 கோடி காட்டி, ஒரே ஒரு மணி மட்டும் வேறு ஊர் வயதைக் காட்டினால் முதல் சந்தேகம் நொறுக்கி மேல்தான் விழ வேண்டும். புதுக் கண்டுபிடிப்பு என்று கொண்டாடுவது அதற்கு அப்புறம்.

அடுத்தது அரித்தல். அரிசியில் கல் அரிக்கிற அதே கை வேலை: தண்ணீரில் சுழற்றி, லேசானதை வழியவிட்டு, கனமானதை அடியில் தங்கவிடுவது. ஆய்வகத்தில் அதிரும் மேசை இதைச் செய்யும். பிறகு காந்தத்தால் மேக்னடைட்டை எடுத்து, கனத் திரவத்தில் இறக்க வேண்டும். மெத்திலீன் அயோடைடின் அடர்த்தி 3.3. குவார்ட்ஸ் 2.65, ஃபெல்ட்ஸ்பார் 2.6-ஐ ஒட்டி, அதனால் இரண்டும் மிதக்கும். ஜிர்கான் 4.6-க்கு மேல், மூழ்கும். நச்சுத் திரவம் என்பதால் புகைப்பெட்டிக்கு வெளியே மூடியைக்கூடத் திறக்கக் கூடாது. கடைசியில் இருகண் நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கண்ணுக்கு அழகான, ஒளி ஊடுருவும், கூர் முனை மணிகளையே கை தேடிப் போகும். உருண்டையான, கலங்கிய மணிகள்தான் பிந்தைய வேக்காட்டின் சாட்சியாக இருக்கும். அவற்றை விட்டால் கதையில் பாதி போச்சு. தென்பட்டதையெல்லாம் வரிசையில் வைப்பதே நேர்மை.

பொறுக்கிய மணிகளை 25 மி.மீ. எபாக்சி வில்லையில் பதித்து, மணி பாதியாகத் தேயும்வரை மெருகிட்டு, எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி ஒளிர்வுப் படம் எடுக்க வேண்டும். ஆய்வகத்தார் இதைச் சி.எல். படம் என்பார்கள். இதை எடுக்காமல் ஜிர்கானைச் சுடுவது எக்ஸ்ரே பார்க்காமல் எலும்பு வைத்தியம் செய்வதற்குச் சமம். குழம்பில் வளர்ந்த பகுதி சின்ன வெங்காயத்தை நறுக்கினாற்போல நெருங்கிய வரிகளாகத் தெரியும். அதைச் சுற்றி வரியே இல்லாத, ஒரே சாம்பல் நிற ஓரம் இருந்தால், அது பெரும்பாலும் பின்னால் வெந்தபோது வளர்ந்தது. சில மணிகளின் நடுவில் வேறொரு மூத்த மணியின் உடைந்த துண்டே உட்கார்ந்திருக்கும்: பழைய மேலோடு உருகியபோது கரையாமல் தப்பியது. ஒரே மணிக்குள் மூன்று தேதி.

அடுத்தது லேசர் ஐ.சி.பி.எம்.எஸ். கருவி: லேசரால் மணியைச் சுரண்டி, வரும் துகளில் உள்ள அணுக்களை எடைவாரியாக எண்ணுவது. அதில் 25 முதல் 35 மைக்ரான் அகலத்துக்கு ஒரு புள்ளி. முதல் 20, 30 வினாடி லேசர் இல்லாமல் பின்னணி அளவு, பிறகு 30 வினாடி சுடுதல். குழி 15, 20 மைக்ரான் ஆழம் போகும். மேலே ஓரம் மாதிரி தெரிந்தது அடியில் மையமாக இருக்கும் சிக்கல் இங்கேதான் வருகிறது. வினாடிக்கு வினாடி வரும் விகித வரைபடத்தில் பாதியில் ஒரு படி ஏறினால், இரண்டு வளையத்தைச் சேர்த்துச் சுட்டுவிட்டோம் என்று பொருள். அந்தப் பகுதியை வெட்டி எறிய வேண்டும். சராசரி எடுத்தால், எந்தக் காலத்திலும் எதுவுமே நடக்காத ஒரு தேதி கிடைக்கும். ஷ்ரிம்ப் போன்ற அயனிக் கற்றைக் கருவிகளில் குழி ஒன்றிரண்டு மைக்ரான் ஆழம்தான், மெல்லிய ஓரங்களுக்கு அது தேவலாம். ஆனால் ஒரு புள்ளிக்குப் பதினைந்து நிமிடம் போல ஆகும்.

ஐந்தாறு புள்ளிக்கு ஒரு முறை வயது தெரிந்த ஜிர்கானைச் சுட வேண்டும்: 91500 என்ற எண் கொண்டது 106 கோடி ஆண்டு, பிளெஷோவிட்சே என்பது 33.7 கோடி. ஒன்றை வைத்துத் திருத்தம் செய்து, மற்றதை அறியாததுபோல் அளந்து சரியாக வருகிறதா என்று பார்ப்பது முறை. இரண்டாவதை அளக்காத அட்டவணையை நம்பாதீர்கள். ஈயம்-204 அளவையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆர்கான் வாயுவோடு வரும் பாதரசம்-204 அதே எடையில் வந்து உட்காரும். அதைக் கழிக்காமல் பொது ஈயத் திருத்தம் (சிதைவில் வராத ஈயத்தை, ஈயம்-204-ஐ வைத்துக் கழிப்பது) செய்தால் வயது தேவையில்லாமல் குறையும். இன்னொன்று, லேசர் முறையில் முறைசார் பிழை, அதாவது எல்லாப் புள்ளிகளையும் ஒன்றுபோல் நகர்த்தும் பிழை, 1 முதல் 2 சதவீதம். 254 கோடியில் 1 சதவீதம் என்பதே 2.5 கோடி ஆண்டு. எனவே லேசரில் அளந்து ±30 லட்சம் என்று எழுதியிருந்தால், அவர்கள் உள்பிழையை, அதாவது புள்ளிகளின் சிதறலை மட்டும் போட்டிருக்கிறார்கள். இருபது புள்ளிகளின் சராசரிக்கு எம்.எஸ்.டபிள்யூ.டி. (புள்ளிகள் தங்கள் பிழையைவிட எவ்வளவு சிதறுகின்றன என்று காட்டும் எண்) 1.6-ஐத் தாண்டினால் அவை ஒரே கூட்டமில்லை. அதற்குமேல் சராசரி என்ற பேச்சே கூடாது.

இப்போது ஒரு புள்ளியைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். 254.1 கோடி ஆண்டு ஜிர்கான் எதையும் இழக்காமல் இருந்தால், இன்று ஈயம்-206-க்கும் யுரேனியம்-238-க்கும் உள்ள விகிதம் 0.483, ஈயம்-207-க்கும் யுரேனியம்-235-க்கும் உள்ளது 11.21, இரண்டு ஈயங்களின் விகிதம் 0.1684. மூன்றும் ஒரே வயதைத் தரும். இரண்டு யுரேனிய விகிதங்களையும் இரு அச்சில் போட்டால், ஒழுங்கான மணிகள் எல்லாம் ஒரு வளைவின்மேல் உட்காரும். அதற்குப் பெயர் கன்கார்டியா. 1956-இல் வெத்தரில் வைத்த பெயர்.

அந்த மணி இன்றைய வெயிலிலும் மழையிலும் கொஞ்சம் ஈயத்தை இழந்திருந்தால் முதல் விகிதம் 0.42 என்று குறையும். அதிலிருந்து வரும் வயது 226 கோடி. ஆனால் ஈயம்-207, ஈயம்-206 இரண்டும் ஒரே விகிதத்தில் வெளியேறுவதால் 0.1684 மாறாது, 254 கோடி தப்பிக்கும். இது எளிய நிலைமை.

கொங்கு நாட்டுச் சிக்கல் வேறு. 55 கோடி ஆண்டுக்கு முன் இந்தப் பட்டை மறுபடி வெந்தது. அப்போது நம் மணி தன் ஈயத்தில் 30 சதவீதத்தை இழந்தது என்று வையுங்கள். கணக்குப் போட்டால் இன்றைய விகிதங்கள் 0.365, 8.06 என்று வரும். இரண்டு ஈயங்களின் விகிதம் 0.1604. அது சொல்லும் வயது 246 கோடி! 246 கோடி என்பது இந்த வட்டாரத்தில் உண்மையிலேயே ஒரு பெரிய வேக்காடு நடந்த காலம். ஆக, நடந்தது 55 கோடியில். எண் சொல்வது 246 கோடியை. பார்ப்பவருக்கோ எதிர்பார்த்த விடை கிடைத்த திருப்தி. மாட்டிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: அதே புள்ளியின் யுரேனியம்-238 வயது 200 கோடி என்று வரும், அதாவது 18 சதவீதம் முரண். அதனால்தான் 10 சதவீதத்துக்குமேல் முரண் உள்ள புள்ளிகளைத் தனியே வைக்க வேண்டும் என்கிறோம். தூக்கி எறிய வேண்டாம். அவை பல இருந்து, ஒரே கோட்டில் அமைந்தால், அந்தக் கோடு வளைவை மேலே 254-இலும் கீழே 55-இலும் வெட்டி, இரண்டு தேதியையும் கொடுக்கும்.

நம்பகத்தை இன்னும் கூட்ட, மணியை 900 டிகிரியில் இரண்டு நாள் வைத்து, பிறகு ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தில் ஊறவிட்டுக் கதிர்வீச்சால் நொறுங்கிய பகுதிகளைக் கரைத்து நீக்கும் முறை உண்டு. 2005-இல் மேட்டின்சன் சொன்னது. அந்த நொறுங்கிய பகுதிதான் ஈயம் கசியும் ஓட்டை. மிஞ்சியதை முழுசாகக் கரைத்து அளந்தால் பிழை 0.1 சதவீதத்துக்குள் அடங்கும். ஆனால் ஓரம், மையம் எல்லாம் சேர்ந்தே கரையும் என்பதால், மூன்று தேதி சுமந்த நம் ஊர் மணிகளுக்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது.

இனி சித்தம்பூண்டி. நிலவின் மேட்டு நிலப் பாறையோடு ஒத்துப்போவதால், சந்திரயான்-2 சோதனைக்கான செயற்கை நிலவு மண்ணுக்கு இஸ்ரோ இங்கிருந்தும் குன்னமலையிலிருந்தும் கல் எடுத்தது, அதிலிருந்து ஊர் பிரபலம். நிலவுப் பாறை மாதிரி என்றால் நிலவின் வயது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒற்றுமை கனிமத்தில்தான், வயதில் இல்லை. சுண்ணம் மிகுந்த பிளாஜியோகிளேஸ், இடையிடையே குரோமைட் பட்டைகள், அங்கங்கே குருந்தம். 1956-இலேயே ஏ.பி. சுப்பிரமணியம் இதை விரிவாக எழுதிவிட்டார்.

293 கோடி என்ற எண், சமாரியம்–நியோடிமியம் முறையில் முழுப்பாறைகளை அளந்து 1996-இல் வெளியானது, ±6 கோடி. இங்கே ஜிர்கான் இல்லை. ஒரே குழம்பில் பிறந்ததாக நினைக்கும் பல பாறைத் துண்டுகளை அளந்து, விகிதங்களைப் புள்ளியாகப் போட்டு, நேர்கோடு வரைந்து, அதன் சாய்விலிருந்து வயது எடுப்பார்கள். சமாரியம்-147 சிதைந்து நியோடிமியம் ஆகிறது, அதன் அரைவாழ்வு 10,600 கோடி ஆண்டு, ஆகவே மாற்றமே மிகச் சிறிது. எல்லாத் துண்டும் ஒரே நேரத்தில், ஒரே தொடக்க விகிதத்தோடு பிறந்திருந்தால்தான் கணக்குச் செல்லும். மேலேறி வரும் குழம்பு வழியில் பழைய மேலோட்டைக் கொஞ்சம் கரைத்துக் குடித்திருந்தால், கலப்பு கூடினது ஒரு முனையிலும் குறைந்தது மறு முனையிலும் நின்று, அப்போதும் ஒரு நேர்கோடு வரும். பாலில் தண்ணீர் கலந்த அளவுப்படி வரிசையாக நிற்கும் டம்ளர்களுக்கும் ஒரு கோடு வரையலாம், அதற்கும் கறந்த நேரத்துக்கும் தொடர்பில்லை. கோடு அழகாக இருப்பது சான்றாகாது.

2013-இல் இதே பாறைத் தொகுதியின் ஜிர்கான்களை லேசரில் அளந்தார்கள். உறைந்தது 254.1 ± 1.3 கோடி, மறுபடி வெந்தது 246.1 ± 1.5 கோடி. இதை நான் அதிகம் நம்புகிறேன், ஆனால் ஒரு கேள்வியைக் கேட்ட பிறகு: அனார்தொசைட்டில் கிடைத்த ஜிர்கான் குழம்பில் உறைந்ததுதானா? இத்தகைய பாறை வேகும்போது ஹார்ன்பிளெண்டும் இல்மனைட்டும் சிதைந்து, அவற்றிலிருந்த சொற்ப சிர்கோனியம் புது ஜிர்கானாக வளர்வதுண்டு. அதன் வயது வேக்காட்டின் வயது, பாறை பிறந்த வயதில்லை. தோரியம்–யுரேனியம் விகிதம் 0.1-க்குக் கீழே இருந்தால் வெந்து வளர்ந்தது என்று ஒரு சுருக்கு வழி சொல்வார்கள். கிரானுலைட் சூட்டில், அதாவது ஆழ் மேலோட்டின் மிகுந்த சூட்டில், வளர்ந்தவை அதைத் தாண்டியும் நிற்கும், அந்த விதியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் ஏமாறுவோம். வரிப் படமும் அரிமண் தனிமங்களும் சேர்ந்து சாட்சி சொல்ல வேண்டும். கார்னெட் என்ற கனிமத்தின் பக்கத்தில் வளர்ந்த ஜிர்கானில் கன அரிமண்கள் குறைந்திருக்கும், ஏனென்றால் கார்னெட் முந்திக்கொண்டு எடுத்துவிடும். இங்கே 254-க்கு வெளிச்சாட்சியும் உண்டு. நீலகிரிச் சார்னோகைட்டின் மூலப் பாறைகள் 250 முதல் 255 கோடிக்குள் பிறந்தவை, 245 முதல் 248 கோடிக்குள் வெந்தவை. துறையூர் அருகே தேவனூரில் பழைய கடலடி மேலோட்டின் துணுக்கு என்று கருதப்படும் தொகுதியிலும் ஏறக்குறைய 253 கோடி வருகிறது. தனித்தனிப் பாறை, தனித்தனி ஆய்வகம், ஒரே விடை.

அடுத்த தேதி 83 கோடி. கரூர் மாவட்டம் கடவூரில் குவார்ட்சைட் (பழைய மணல் இறுகி வெந்த பாறை) மலைகள் வட்டமாக நிற்கும், நடுக் கிண்ணத்தில் கேப்ரோவும் அனார்தொசைட்டும். பார்ப்பதற்குச் சித்தம்பூண்டிக்கு உறவு போலத் தோன்றும். ஜிர்கான் வயது 83 கோடியை ஒட்டி வருகிறது. 170 கோடி ஆண்டு இடைவெளி! பெயரையும் தோற்றத்தையும் வைத்துப் பாறைகளை ஒரே குடும்பத்தில் சேர்ப்பதில் உள்ள ஆபத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கொங்கில் இல்லை. காங்கயத்துச் சிவன்மலையின் நெஃபலின் சயனைட்டும் இளைய விருந்தாளிதான். குவார்ட்ஸே இல்லாத அந்தப் பாறைத் தொகுதியை ஹோலண்ட் 1901-இலேயே விவரித்தார்.

55 கோடியைப் பிடிக்க ஜிர்கானைவிட மோனசைட் என்ற கனிமம் தோது. தோரியம் நிறைய இருப்பதால் ஈயமும் நிறையச் சேரும். எலெக்ட்ரான் நுண்துளாவியில் தோரியம், யுரேனியம், மொத்த ஈயம் மூன்றையும் அளந்தே வயது போடலாம். பாறையை நொறுக்க வேண்டாம். மெல்லிய சீவலில், கார்னெட்டின் உள்ளே உட்கார்ந்த மோனசைட் எது, வெளியே இருப்பது எது என்று பார்த்துக்கொண்டே அளக்கலாம். கார்னெட் யிட்ரியத்தை உறிஞ்சும். யிட்ரியம் அதிகமான மோனசைட் கார்னெட்டுக்கு முன்பு வளர்ந்தது, குறைந்தது கார்னெட் வளர்ந்தபோதோ பின்போ வளர்ந்தது. தேதி எந்த அழுத்தத்தோடு சேரும் என்ற இணைப்பு இப்படித்தான் கிடைக்கிறது. பட்டையின் தெற்குப் பகுதியில் இந்த வயதுகள் 52 முதல் 55 கோடியைச் சுற்றி வருகின்றன.

ஆறிய வேகத்துக்கு வேறு வேறு சூட்டில் பூட்டிக்கொள்ளும் கனிமங்கள் வேண்டும். பொட்டாசியம் சிதைந்து வரும் ஆர்கான் வாயு சூட்டில் தப்பிவிடும், ஆறினால் கனிமத்துக்குள் சிக்கும். ஹார்ன்பிளெண்டு அதைச் சுமார் 530 டிகிரியில் பூட்டும், பயோடைட் 300 டிகிரி வாக்கில். கணக்குக்காக ஒரு பாறையை எடுப்போம்: மோனசைட் 700 டிகிரி, 53 கோடி, ஹார்ன்பிளெண்டு 51 கோடி, பயோடைட் 48 கோடி. 5 கோடி ஆண்டில் 400 டிகிரி ஆறியிருக்கிறது, 10 லட்சம் ஆண்டுக்கு 8 டிகிரி. ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு 25 டிகிரி என்று வைத்தால், 10 லட்சம் ஆண்டுக்குச் சுமார் 320 மீட்டர் பாறை மேலிருந்து அரித்துப் போயிருக்கிறது, மொத்தம் 16 கி.மீ. ஆர்கான் முறையில் பயோடைட் அடிக்கடி ஏமாற்றும். வெளியிலிருந்து ஆர்கான் ஏறிக்கொண்டால் பயோடைட்டின் வயது ஹார்ன்பிளெண்டைத் தாண்டி நிற்கும். தலைகீழ் வரிசை கண்டால் அந்த அளவைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இங்கேதான் மலைத்தொடர் வருகிறது. கார்னெட்டும் பைராக்சீனும் சேர்ந்து உறைந்த அழுத்தம் 8 கிலோபார் என்றால், அந்தக் கல் வேகும்போது அதன் தலைக்குமேல் 30 கி.மீ. பாறை இருந்தது. இன்று அந்தக் கல் நம் காலடியில். அதற்குக் கீழேயும் இயல்பான தடிமனில் மேலோடு மிச்சமிருக்கிறது. இரண்டையும் கூட்டினால், அன்றைக்கு மேலோடு இன்றைய இமயமலைக்கு அடியில் இருப்பதைப் போல இருமடங்கு தடித்திருக்க வேண்டும். தடித்த மேலோடு மிதந்து உயரும், உயர்ந்தது அரியும். நீலகிரியில் தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி, அதாவது பவானி–மோயாறு பக்கம் போகப் போக அந்த அழுத்தம் கூடுகிறது. அந்தப் பக்கம்தான் ஆழத்திலிருந்து அதிகம் தூக்கப்பட்டது. இன்றைய நீலகிரியின் உயரம் அந்தப் பழைய மலையின் மிச்சமில்லை. பாறை 250 கோடி, மலையின் இன்றைய வடிவம் அதைவிட வெகு பிந்தியது. கல்லின் வயதைக் குன்றின் வயதாக எழுதுவது நாளிதழ்களில் நிற்காத தவறு.

ஆக இரண்டு முறை இங்கே மேலோடு மடிந்து தடித்தது: 250 கோடி வாக்கில் ஒன்று, 55 கோடி வாக்கில் ஒன்று. முதலாவதில் பெரிய சண்டை இல்லை. இரண்டாவதில்தான் இரண்டு கட்சி. ஒரு கட்சி, இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் ஒன்றாயிருந்த கோண்ட்வானா கண்டம் கூடியபோது ஒரு பெருங்கடல் மூடிய தையல் இந்தப் பாலக்காடு–காவிரிப் பட்டைதான் என்கிறது. 70–80 கோடி ஆண்டு எல்லைக்குள் வயது வரும் மணமேட்டுக் கடலடித் துணுக்கை அது சாட்சிக்கு அழைக்கிறது. மற்ற கட்சி, 250 கோடி ஆண்டுச் சார்னோகைட் இந்தப் பாலக்காடு–காவிரிப் பட்டையைத் தாண்டித் தெற்கேயும் தொடர்கிறதே, நடுவில் கடல் இருந்திருந்தால் இரு கரையிலும் ஒரே பாறை எப்படி வரும் என்று கேட்கிறது. அவர்கள் கணக்கில் 55 கோடியில் இங்கே நடந்தது பழைய காயம் மறுபடி நெரிபட்டது மட்டும். தையல் இன்னும் தெற்கே, மதுரை பக்கம். இரண்டாவது வாதம் எனக்குக் கனமாகப் படுகிறது. வேக்காட்டின் தேதி வேக்காட்டுக்குத்தான் சாட்சி, கடல் மூடியதற்கு அது தனியாகச் சாட்சியாகாது.

இதைத் தீர்க்க நினைக்கும் மாணவர் கிரானைட்டை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்தால் போதாது. பட்டைக்கு வடக்கேயும் தெற்கேயும் உள்ள குவார்ட்சைட்டுகளில் இரண்டு கிலோ வீதம் எடுத்து, ஒவ்வொன்றிலும் நூறு மணிக்குமேல் சுட வேண்டும். அவை ஆற்றோடு வந்து படிந்த ஜிர்கான்கள், அந்தந்தக் கரை எந்தக் கண்டத்தின் மண்ணை வாங்கியது என்று சொல்லும். அதே புள்ளிகளில் ஹாஃப்னியம் என்ற தனிமத்தின் ஓரிடத்தான் விகிதமும் அளந்தால், குழம்பு பூமியின் ஆழத்திலிருந்து புதிதாக வந்ததா, பழைய மேலோடு உருகி வந்ததா என்பதும் தெரியும். வடகரை மணிகளும் தென்கரை மணிகளும் 100 கோடி ஆண்டுக்கு முந்தைய வயதுகளில் சுத்தமாக ஒத்துப்போகவில்லை என்றால் முதல் கட்சிக்கு உயிர் வரும். மாதிரிப் பைக்குள் எண் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று, பையின் வெளியே அதே எண் ஒன்று, இரண்டும் இருக்கட்டும். வெளியே எழுதியது லாரித் தூசியில் அழிந்துவிடும்.